எட்டு நட்டுகளில் சிவப்புக் கோடு

ஜெசிந்தா சிஸ்டர் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, லிஃப்டில் ஏற்றிய ஒரு வேனுக்கு அடியில் நின்று போல்ட் இறுக்கிக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. கையெல்லாம் கிரீஸ் என்பதால் மூன்றாவது முறைதான் எடுத்தேன். அவருடைய மகள் அனிதா. "அங்கிள், அம்மா போயிட்டாங்க. காலைல காபி போட்டுக்கினு இருந்தாங்க. அப்படியே ஒக்காந்துட்டாங்க" என்றாள். நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "வண்டி எங்கம்மா நிக்குது?" தாயைப் பறிகொடுத்த பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது? இருபது வருடமாக அந்த வீட்டிலிருந்து போன் வந்தால் நான் கேட்பது அதைத்தான். வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது. அனிதா கோபித்துக்கொள்ளவில்லை. "வூட்லதான் நிக்குது அங்கிள்" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கப்போகும் இந்தச் சிறு மலரில் என்னையும் எழுதச் சொன்னவள் அவள்தான். சிஸ்டரிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள், அவர் கையில் பிள்ளை பெற்றவர்கள் என்று எழுத உரிமை உள்ளவர்கள் கல்வராயன் மலைமேல் எத்தனையோ பேர். நான் கள்ளக்குறிச்சியில் பட்டறை வைத்திருப்பவன், அவருடைய காரைப் பார்த்தவன், அவ்வளவுதான். ஆனால் அவரை அறிந்த உங்கள் எல்லோர் முன்னிலும் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதனால் ஒப்புக்கொண்டேன்.

அந்தக் காரைப் பற்றி உங்களுக்குத் தெரியும். சிஸ்டரின் கணவர் கப்பலில் வேலை பார்த்தவர். ஆசைப்பட்டு ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். இரண்டே சீட்டு, துணிக் கூரை, வாங்கும்போதே வயதான வண்டி. ஒரு வருடம்கூட ஓட்டவில்லை, காய்ச்சலில் போய்விட்டார். விற்றுவிடச் சொல்லாத உறவுக்காரர் இல்லை. சிஸ்டர் போய் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்தார். என்னைவிட மூன்று வயது மூத்தவர், ஆனாலும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். "அவரு ஓட்டாம வுட்ட தூரம் நெறைய இருக்குதுங்க அண்ணா. அத நான் ஓட்டிடறேன்" என்றார். வெள்ளிமலை ஆஸ்பத்திரியில் அவருக்கு நர்ஸ் வேலை. திங்கட்கிழமை ஏறினால் சனிக்கிழமை இறங்குவார். தரையோடு ஒட்டிக் கிடக்கும் அந்த வண்டிக்கு மலைமேல் தவளை என்று பெயர். வளைவுகளில் ஜீப்காரர்கள் ஒதுங்கி நின்று தவளைக்கு வழி விடுவார்கள். அந்த மரியாதை வண்டிக்கு அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஒருமுறை கிளட்ச் கேபிள் அறுந்து தவளை மேலேயே நின்றுவிட்டது. பஸ் பிடித்துப் போனேன். நான் போய்ச் சேர்ந்த நேரம், சாமை அறுக்கையில் காலை வெட்டிக்கொண்ட ஒருவரை அவர் மனைவி அழைத்து வந்திருந்தார். ஏதோ தழையை அரைத்து வைத்து, தன் புடவைத் துணியைக் கிழித்து அந்த அம்மாள் கட்டியிருந்த கட்டு, விரல்கள் நீலம் பாயும் அளவுக்கு இறுக்கம். சிஸ்டர் திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். "கட்டு நல்லாதான் போட்டிருக்கற. கொஞ்சமா லூஸ் பண்ணிக்கலாமா?" என்று அந்த அம்மாளிடம் அனுமதி கேட்டார். பிறகு மொத்தத்தையும் அவிழ்த்து, கழுவி, தையல் போட்டு, புதிதாகக் கட்டினார். எல்லாம் முடிந்ததும் அந்தப் புடவைத் துணியில் சுத்தமாக இருந்த பகுதியை எடுத்துத் தன் கட்டுக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். எதற்கு என்று கேட்டேன். "திட்டி அனுப்புனா அடுத்த வாட்டி கூட்டிக்கினு வரவே மாட்டாங்கண்ணா" என்றார். நான் கேபிளை மாற்றிவிட்டு இறங்கி வந்தேன். அதை அன்றைக்கே மறந்தும் போனேன்.

ஒன்பது வருடத்துக்கு முன் தவளையின் முன்பக்கம் டொக் டொக் என்று தட்ட ஆரம்பித்தது. வளைவுகளில் ஸ்டியரிங் தன் இஷ்டத்துக்கு இழுத்தது. முன் சக்கரங்களைத் தாங்கும் ஆர்ம்களில் இருந்த ரப்பர் புஷ்கள் எட்டும் போயிருந்தன. அந்த வண்டிக்கு இந்தப் பக்கம் எந்தச் சாமானும் கிடைக்காது. கிழிந்த புஷ் ஒன்றை ஆஸ்பத்திரிக் கட்டுத் துணியில் சுற்றி ஒயர்க் கூடையில் வைத்துக்கொண்டு, உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறிச் சென்னைக்குப் போனார் சிஸ்டர். வேறு ஏதோ வண்டியின் புஷ் அளவு ஒத்துவந்தது என்று எட்டு வாங்கி வந்தார். இரண்டு நாள் லீவு அதற்கே சரியாகப் போயிற்று.

அந்த வாரம்தான் என் பட்டறைக்கு லிஃப்ட் வந்திருந்தது. அதுவரை வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து படுத்து, மண்ணும் எண்ணெயும் கண்ணில் விழ வேலை பார்த்தவன் நான். இனிமேல் நிமிர்ந்து நின்று வேலை செய்யலாம் என்பதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. சிவப்புக் கார் தலைக்கு மேல் நிற்பதைப் பார்க்க ரோட்டில் போனவர்களெல்லாம் கூடிவிட்டார்கள். பழைய புஷ்களைத் தட்டி எடுத்தேன், புதியதை அழுத்தி ஏற்றினேன், ஆர்ம்களை மாட்டினேன். போல்ட் இறுக்கப்போகும்போது சிஸ்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் வண்டியோடு வந்த பழைய இங்கிலீஷ் புத்தகம்.

"அண்ணா, வண்டிய எறக்கி, வெயிட்டு சக்கரத்து மேல வந்த பின்னாலதான் இறுக்கணும்னு போட்டிருக்குதுங்க."

"புக்கு எழுதுனவன் கல்வராயன் மலைய பாத்திருக்கானா சிஸ்டர்?" என்றேன்.

கூட்டம் சிரித்தது. சிஸ்டரும் சிரித்தார். புத்தகத்தை மூடிக் கூடையில் வைத்துக்கொண்டார்.

புத்தகத்தில் இருந்ததுதான் சரி. ரப்பர் புஷ்ஷின் நடுவே ஒரு இரும்புக் குழாய் இருக்கும். போல்ட்டை இறுக்கினால் அந்தக் குழாய் அசையாது. சக்கரம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு இடம் கொடுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், வண்டி தரையைத் தொட்ட நிமிடமே ரப்பர் முறுக்கிக்கொள்ளும். ஓடும்போதும் முறுக்கு, சும்மா நிற்கும்போதும் முறுக்கு. சீக்கிரம் கிழிந்துபோகும். இது எனக்கு அரைகுறையாகத் தெரிந்தும் இருந்தது. ஆனால் வண்டியை இறக்கினால் நான் மறுபடி அடியில் படுக்க வேண்டும், அதுவும் அத்தனை பேர் பார்க்க. நிமிர்ந்து நின்றபடி எட்டையும் இறுக்கினேன். இறுக்கி முடித்த நட்டின் மேல் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுப்பது என் வழக்கம். நட்டிலிருந்து வண்டிச் சட்டம் வரை நேராகப் போகும். நட்டு அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். எட்டிலும் கோடு போட்டு அனுப்பினேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் வெள்ளிமலையில் தலைப்பிரசவத்துக்கு ஒரு பெண் கஷ்டப்பட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரி ஜீப் கீழே இறங்கிப் போயிருந்தது. சிஸ்டர் அவளைத் தவளையில் சாய்த்துப் படுக்க வைத்து, கொட்டுகிற மழையில் மலை இறங்கிக் கள்ளக்குறிச்சி கொண்டுவந்து சேர்த்தார். தாயும் பெண் குழந்தையும் பிழைத்தார்கள். "ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேட்டுதுங்க அண்ணா" என்று மட்டும்தான் என்னிடம் சொன்னார். எனக்கு அது போதாதா? என் புஷ் காப்பாற்றிய உயிர் இரண்டு என்று பட்டறைக்கு வந்த ஒருத்தர் விடாமல் சொன்னேன். இதைப் படிக்கிற சிலரே என் வாயால் கேட்டிருப்பீர்கள்.

நான் புஷ் மாற்றிய மற்ற வண்டிகள் ஒரு வருடத்தில், ஒன்றரை வருடத்தில் கிழிந்து திரும்பி வந்தன. ரோடு சரியில்லை என்றேன், ரப்பர் மட்டம் என்றேன், ஓட்டுகிற கை சரியில்லை என்றேன். யாராவது என் வேலையைக் குறை சொன்னால் தவளையைச் சாட்சிக்கு இழுத்தேன். சிஸ்டரே ஒருமுறை கேட்டார். "இன்னும் மேல தூக்கிதான் இறுக்கிக்கினு இருக்கறீங்களாண்ணா?" நான், "உங்க வண்டியே நல்லா ஓடுது, அப்புறம் இன்னா சிஸ்டர்?" என்றேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் நான் வேறு வண்டிக்குப் போய்விட்டேன்.

போன வாரம் அனிதா தவளையைக் கொண்டுவந்தாள். பூசை முடிந்ததும் அம்மாவின் வண்டியிலேயே வெள்ளிமலை போய் இந்த மலரைக் கொடுக்க வேண்டும், வண்டி தாங்குமா பாருங்கள் என்றாள். லிஃப்டில் ஏற்றினேன். சத்தம் வராத இடத்தை நாங்கள் துடைத்துப் பார்ப்பதில்லை. ஒன்பது வருட மலைச் சேறு ஆர்ம்களின் மேல் காய்ந்து அப்பியிருந்தது. சுரண்டி எடுத்தேன். ரப்பரில் வயதுக்கான வெடிப்பு விட்டிருந்தது, ஒன்றுகூடக் கிழியவில்லை. பிறகு நட்டைத் துடைத்தேன்.

என் மஞ்சள் கோடு இரண்டாகப் பிரிந்திருந்தது. சட்டத்தில் இருந்த பாதி ஒரு பக்கம், நட்டில் இருந்த பாதி வேறு பக்கம். அதற்குக் கொஞ்சம் தள்ளி, நட்டிலிருந்து சட்டம் வரை இன்னொரு கோடு நேராக ஓடியது. சிவப்புக் கோடு. அடுத்த நட்டைத் துடைத்தேன். எட்டிலும் அப்படித்தான்.

"இது இன்னாம்மா?" என்று அனிதாவைக் கேட்டேன்.

"என் நெயில் பாலிஷ் அங்கிள். நீங்க வண்டி குடுத்ததுக்கு மறுநாளு. கோயிலுக்குப் போய்ட்டு வந்து, வூட்டெதிர்ல செங்கல்லு அடுக்கி, பலகை போட்டு, நாலு சக்கரத்தையும் ஏத்தி நிறுத்துனாங்க. கீழ படுத்துக்கினு எல்லாத்தையும் லூஸ் பண்ணி மறுபடி இறுக்குனாங்க. நான்தான் புக்க படிச்சி சொன்னேன்."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நானும் கேட்டேன் அங்கிள். பத்து பேரு எதிர்ல சொல்லிட்டாரு, இப்ப நாம சொன்னா மனுசன் சங்கடப்படுவாரு. ஒருநாளு அவரே வந்து கேப்பாரு, அப்ப சொல்லிக்கலாம்னாங்க."

நான் கேட்கவே இல்லை. ஒன்பது வருடம் அந்த அம்மாள் காத்திருந்திருக்கிறார். ஒருதடவை வாய் திறந்தபோதும் நான் நின்று கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் எனக்கு சிஸ்டர் மேல் கோபம்தான் வந்தது. திட்டியிருக்கலாமே, எத்தனை பேர் வண்டியைக் கெடுத்திருக்கிறேன் என்று. கோபம் போக வெகுநேரம் ஆயிற்று. அதன் பிறகுதான் அழுகை வந்தது. மழையில் மலை இறங்கிய அந்தப் பெண்ணையும் குழந்தையையும் நினைத்துக்கொண்டேன். என் கை இறுக்கியபடியே சிஸ்டர் விட்டிருந்தால் அன்றைக்கு அந்த ஸ்டியரிங் யார் பேச்சைக் கேட்டிருக்கும்? என் மஞ்சளைச் சுரண்டிவிட்டு அந்த இடத்தில் சிவப்பைப் போட்டிருக்கலாம். அவர் அதைக்கூடச் செய்யவில்லை.

புஷ்களை மாற்றிவிட்டேன், அவற்றுக்கும் வயதாகிவிட்டது. இந்த முறை வண்டியை இறக்கி, செங்கல்லும் பலகையும் வைத்து ஏற்றி, அனிதாவைச் சீட்டில் உட்காரச் சொல்லி, சிஸ்டரின் புத்தகத்தை அவள் படிக்கப் படிக்க, நான் அடியில் மல்லாந்து படுத்து இறுக்கினேன். நட்டுகளும் புதியவை. பழைய எட்டையும் ஒரு மாத்திரை டப்பாவில் போட்டுப் பட்டறை மேசைமேல் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் என் கோட்டில் பாதி, அவர் கோட்டில் பாதி. மீதி இரண்டு பாதிகளும் வண்டிச் சட்டத்தில் இருக்கின்றன. அவற்றை நான் துடைக்கவில்லை. சிஸ்டரிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்த டப்பாதான்.

சிஸ்டர் போன செய்தி வந்த அன்று நான் லிஃப்டில் தூக்கி வைத்து இறுக்கிக்கொண்டிருந்த வேன்காரருக்குப் போன் செய்து வரச் சொல்லிவிட்டேன். மற்றவர்கள் யார் யார் என்று எனக்கு நினைவில்லை. இதைப் படிக்கிற உங்களில் யாராவது இத்தனை வருடத்தில் என்னிடம் புஷ் மாற்றியிருந்தால், தயவுசெய்து வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். லிஃப்ட் வேண்டாம். வண்டி தரையில் நிற்கட்டும், நான் கீழே படுத்துக்கொள்கிறேன்.