வரதன் கழற்றிய மூன்றாவது பின்

திருக்கழுக்குன்றம் பக்கம் யார் வீட்டு விசேஷத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். மைக் செட்டு கொய்ங் என்று இரைந்துகொண்டிருந்தால் அது வரதனுடையது. வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். "இன்னாப்பா, தேனீக் கூட்ட உள்ள வுட்டு வச்சிகினு கீறியா?" என்பார்கள். "கத்தட்டும். அது கத்துற வரிக்கும் உசுருக்கு பயமில்ல," என்பான் வரதன். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. இத்தனைக்கும் ஒரு காலத்தில் இரைச்சலே இல்லாத செட்டு என்று சுற்றுவட்டாரத்தில் பேர் வாங்கியவன். அந்தப் பேரை அவன் வாங்கிய விதம்தான் விபரீதம்.

மைக் செட்டுத் தொழிலில் ஒரு குறுக்கு வழி உண்டு. ஒரே பந்தலில் இரண்டு மூன்று இடத்திலிருந்து கரண்ட் எடுத்தால் ஸ்பீக்கரில் கொய்ங் என்று ஓர் இரைச்சல் கிளம்பும். பிளக்கில் தடியாக இருக்கிற மூன்றாவது பின்னை, எர்த்துப் பின்னை, கழற்றி எறிந்துவிட்டால் பட்டென்று நின்றுபோகும். எங்காவது கரண்ட் கசிந்தால் ஆளைத் தொடாமல் மண்ணுக்குள் இழுத்துக்கொண்டு போவதும் அந்தப் பின்தான். வரதனுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் கல்யாண வீட்டுக்காரனுக்குப் பாட்டு சுத்தமாகக் கேட்க வேண்டும். அதனால் தன்னுடைய மஞ்சள் ஜங்ஷன் பெட்டியின் பின்னை அவனே திருகிக் கழற்றிக் குப்பையில் போட்டான். வருஷக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாதவரைக்கும் எல்லாரும் கெட்டிக்காரர்கள்தானே!

அப்பனும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்ட குடும்பம். வரதன் ஐடிஐ படித்து, மைக் செட்டு வாங்கி, மச்சான் ரவிச்சந்திரனைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு தலைநிமிர்ந்தவன். அம்மன் பாட்டும் கல்யாணப் பாட்டும் போட்டே வளர்ந்த அந்தக் காதுக்குள் ராக் இசை எப்படிப் புகுந்தது என்று கேட்டால், பொத்தேரியைத்தான் சொல்ல வேண்டும். அங்கே ஒரு கல்லூரி ஹாஸ்டல் விழாவுக்கு செட்டு போடப் போனான். 'உப்பளம்' என்று பேர் வைத்துக்கொண்டு நாலு பிள்ளைகள் மேடையேறினார்கள். நடுவில் அனு என்ற பெண், கழுத்தில் கிடார் தொங்க, கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் கடைசி ரயிலைத் தவறவிட்ட ஒருத்தியைப் பற்றி ஒரு பாட்டை எடுத்தாள். வரதன் கையிலிருந்த ஒயரைக் கீழே போட்டுவிட்டான்.

அன்று பிடித்த பித்து. உப்பளம் எங்கே பாடினாலும் பாதி வாடகைக்குச் செட்டு எடுத்துக்கொண்டு ஓடினான். ஆனால் பாருங்கள் கொடுமையை, அந்த ரயில் பாட்டை ஒரு தடவையாவது முழுசாகக் கேட்டதில்லை. பாதிப் பாட்டில் ஸ்பீக்கர் அவியும், இல்லையென்றால் ஜெனரேட்டர் இருமும். மேடைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருப்பவனுக்குப் பாட்டின் முதுகுதான் கேட்கும்.

ஆகவே 2003இல், மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோர ரிசார்ட்டு ஒன்றில் உப்பளம் பாடுகிறது, அதுவும் ரிசார்ட்டுக்காரர்களுடைய சொந்த செட்டில் பாடுகிறது என்று கேள்விப்பட்டதும், முதன்முதலாக டிக்கெட் வாங்கினான். பெண்டாட்டி அன்பரசி அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

"தகர டப்பால கல்லு போட்டு குலுக்குற மாரி கீது, அதுக்கு டிக்கெட்டு வேற," என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்து இரங்கினாள். "சரி, போ. ஆனா இன்னிக்கு ஒரு நாளாவது சனத்தோட சனமா நின்னு கேளு. ஒயர்ல கை வச்சேன்னு தெரிஞ்சிது, வூட்டுக்குள்ள வராத."

"சத்தியமா தொட மாட்டேன்," என்று அவள் தலையில் அடித்துச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினான்.

பொழுது சாய்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தான். கடலைப் பார்த்த கீற்றுக் கொட்டகை, உள்ளே நூறு பேர் நின்றாலே மூச்சு முட்டும். அதைத்தான் கிளப் என்றார்கள். காற்று ஒரு தினுசாக நின்றுபோயிருந்தது. வானம் கருத்து, சாரல் விழத் தொடங்கியிருந்தது. கீற்று ஒழுகி மேடைப் பலகை ஈரத்தில் மினுமினுத்தது. வரதன் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்வரிசைக்கு வந்தான். அனு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறினாள். அவள் வழக்கம் அது. கூட்டம் ஓவென்று கத்தியது, அவனும் கத்தினான்.

முதல் பாட்டில் விளக்கு சுழன்று மேடை மூலையில் விழுந்தது. அங்கே ஒரு மஞ்சள் பெட்டி. அவன் கையாலேயே பெயிண்டில் எழுதிய 'வ'. வரதன் பின்னைக் கழற்றிய அதே பெட்டி. பெட்டிக்குப் பக்கத்தில் பீடியை மறைத்துப் பிடித்தபடி ரவிச்சந்திரன் உட்கார்ந்திருந்தான்.

பாட்டு முடிந்ததும் வரதன் ஓரமாகப் போய் அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். "டேய், இது இன்னாடா இங்க?"

"இவங்க பெட்டி புட்டுக்கிச்சாம் மச்சான். மத்தியானம் ஆளு வந்து கேட்டான், எடுத்தாந்து குடுத்தேன். கிடார் ஸ்பீக்கர் டப்பா மட்டும்தான் இதுல ஓடுது, மைக்கு அவங்க லைன்ல."

"எர்த்து இல்லியேடா அதுல! மழை வேற தூறிகினு கீது. அந்தப் பொண்ணு வெறுங்கால்ல நிக்குது."

"எத்தினி கல்யாணம் பண்ணிகினு கீறோம் இத வச்சி? இன்னா ஆயிச்சு? சும்மா பேஜார் பண்ணாத. இப்ப நிறுத்தினா, மழையச் சொல்லி மொத்தத்தையும் மூட்ட கட்டிடுவான் மேனேஜரு."

அந்தக் கடைசி வாக்கியம் வரதன் காலைக் கட்டிப்போட்டது. நிறுத்தினால் ரயில் பாட்டு இல்லை. அதோடு, பின்னைக் கழற்றியவன் இவன்தான் என்று ஊருக்கே தெரிந்துபோகும். மேடையை உற்றுப் பார்த்தான். அனுவின் மைக்குக்கு மேல் கறுப்பு ஸ்பாஞ்சுத் தொப்பி ஒன்று மாட்டியிருந்தது. கிடார் தந்தியில் கரண்ட் கசிந்தாலும் உதடு மைக்கின் கம்பியில் படாது. 'ஸ்பாஞ்சு கீது, ஒண்ணும் ஆவாது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கேடு வரும் பின்னே, மதி கெட்டு வரும் முன்னே என்று சும்மாவா சொன்னார்கள்?

மூன்றாம் பாட்டின் நடுவில் அனுவின் புறங்கை மைக் ஸ்டாண்டில் பட்டது. வெடுக்கென்று கையை உதறினாள். "அம்மாடி, சுர்ருங்குது!" என்று மைக்கிலேயே சொல்லிச் சிரித்தாள். கூட்டமும் சிரித்தது. வரதன் மட்டும் சிரிக்கவில்லை. இப்போதே ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கு என்று மனசு அடித்துக்கொண்டது. இந்தப் பாட்டு முடியட்டும், அடுத்தது முடியட்டும் என்று கால் சாக்குச் சொன்னது. கடல் இரைச்சல் கூடிக்கொண்டே வந்தது. அவன் பாட்டைக் கேட்கவில்லை. அவள் வாய்க்கும் மைக்குக்கும் நடுவிலிருந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கடைசியில் ரயில் பாட்டு வந்தது.

என்ன சொல்ல! முதல் தந்தி அதிர்ந்ததும் பயம், பெட்டி, மழை எல்லாம் அவனை விட்டுப் போயின. ஆளில்லாத பிளாட்பாரத்தில் அந்தப் பெண் நின்றாள், சிவப்பு விளக்கு தூரத்தில் சிறுத்துக்கொண்டே போனது. அவன் கேட்டேயிராத மூன்றாவது சரணத்தில் அவள் ரயிலை மறந்துவிட்டுத் தண்டவாளத்தோரமாக வீட்டுக்கு நடக்க ஆரம்பித்தாள். ஓகோ, இப்படியா முடிகிறது! வரதன் வெட்கமில்லாமல் அழுதான்.

பாட்டு முடிந்தது, ஒன்றும் ஆகவில்லை. அனு கும்பிட்டாள். சாரலில் நனைந்து ஊறிப்போயிருந்த ஸ்பாஞ்சை மைக்கிலிருந்து பிடுங்கி, விளையாட்டாகக் கூட்டத்துக்குள் வீசினாள். பத்துக் கைகள் எழும்பின. அது வரதன் கையில் வந்து விழுந்தது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அதை உயரத் தூக்கிப் பிடித்து, தொண்டை கிழியக் கத்தினான்.

"ஒன்ஸ் மோர்!"

ஒரு நொடி எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் கொட்டகை முழுக்கப் பற்றிக்கொண்டது. ஒன்ஸ் மோர், ஒன்ஸ் மோர்! இறங்கப்போன அனு நின்றாள். முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்து, கிடாரில் இடது கையை வைத்து, மைக்கை நோக்கிக் குனிந்தாள்.

வரதன் அப்போதுதான் தன் கையில் இருப்பதைப் பார்த்தான்.

"அய்யோ, வேணாம்மா!" என்ற கத்தல் அந்த இரைச்சலில் யார் காதில் விழும்? உதடு மைக்கில் பட்டது. அவள் அலறவில்லை. கிடாரோடு விறைத்து நின்றாள், கழுத்து பின்னுக்கு இழுத்தது. ஏதோ புது ஆட்டம் என்று கூட்டம் கைதட்டியது. வரதன் மேடையைச் சுற்றி ஓடி, ரவிச்சந்திரனைத் தள்ளிவிட்டு, பிளக்கை ஒயரோடு பிய்த்து எறிந்தான். அவள் பலகை அதிர விழுந்தாள்.

உயிர் பிழைத்தது யார் செய்த புண்ணியமோ. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்தாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் வழி நெடுக மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வரதன் பார்க்கப் போனான். சட்டைப் பையில் அந்த ஸ்பாஞ்சு இருந்தது.

கீழுதட்டில் கறுத்த தழும்பு, இடது கை முழுக்கக் கட்டு. அவனைக் கண்டதும் அனு எழுந்து உட்கார்ந்தாள். "வாங்கண்ணா. பிளக்கைப் பிடுங்கினது நீங்கதானாமே. நீங்க இல்லன்னா நான் இல்ல."

"அது வந்து... அந்தப் பெட்டி..." என்று வரதன் இழுத்தான்.

"பெட்டி கிடக்குதுண்ணா, விடுங்க. ரெண்டு விரல் மடங்குறது சந்தேகம்னு டாக்டர் சொல்றார். நான் நம்பல." கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டாள். "ஒண்ணு கேக்கணும். நீங்க முன்னாடிதானே நின்னீங்க? முதல்ல ஒருத்தர் ஒன்ஸ் மோர்னு கத்தினாரே, அவரைத் தெரியுமா? இருட்டுல முகம் தெரியல. இத்தனை வருஷத்துல என் பாட்டை யாருமே திரும்பப் பாடச் சொன்னதில்லண்ணா. அவரைப் பார்த்தா சொல்லுங்க, கை சரியானதும் அவருக்காகவே அதை ஒரு தடவை முழுசா வாசிக்கிறேன்னு."

வரதனின் கை சட்டைப் பைக்குப் போனது. ஸ்பாஞ்சு இன்னும் ஈரம் காயாமல் இருந்தது போலத் தோன்றியது. அதை வெளியே எடுக்காமல் விரலால் அழுத்திக்கொண்டான்.

"பாத்தா சொல்றேம்மா," என்றான்.