துரையின் திரைக்கு முதலிடம்

தேயிலையைச் சூட்டில் உலர்த்தும் ட்ரையருக்கு ஒரு மூளை செய்யப் புறப்பட்ட எங்களுக்கு, அதற்குள் எந்தக் கெர்னலை வைப்பது என்று முடிவெடுக்கவே ஒரு மழைக்காலம் பிடித்தது. நாங்கள் என்றால் இரண்டே பேர். பதுளை டவுனில் ஒரு புடவைக் கடைக்கு மேலே அறை எடுத்திருந்த யாழ்ப்பாணத்து இன்ஜினியரும், அவரிடம் வேலை பார்த்த நானும். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன.

கெர்னல் என்பது பெரிய மந்திரமில்லை. ஒரு சிறு சிப்பிடம் நாலைந்து வேலைகள் ஒரே நேரத்தில் கை நீட்டும்போது, எது முதலில், எது காத்திருக்க வேண்டும் என்று சொல்கிற கங்காணி. காசுக்கு வாங்குவது ஒன்று, இணையத்தில் சும்மா கிடைப்பது ஒன்று, நாமே எழுதினால் இன்னொன்று. இன்ஜினியர் தினம் ஒரு கட்சி மாறுவார்.

"தம்பி, பிந்தி வாற சரியான விடையும் பிழைதான், விளங்குதோ?" என்பார்.

கடைசியில் சும்மா கிடைத்ததே வென்றது. முக்கியமான வேலை வந்தால், நடக்கிற வேலையை அந்த நொடியே நிறுத்தி வழிவிடும். எது முக்கியம் என்று மட்டும் நாம் இலக்கம் போட்டுக் கொடுக்க வேண்டும். கெர்னலுக்கு ஒரு மழைக்காலம் வாதாடிய நாங்கள், இலக்கத்தை ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் போட்டு முடித்தோம். போட்டவன் நான்.

சூட்டைக் கவனிப்பது இரண்டாவது. தோட்டத்தை ஆளும் மேனேஜர், எங்கள் வாயில் துரை, அவர் அறையில் வைக்கிற சின்னத் திரை முதலாவது. யோசிக்கவே இல்லை. ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன் நான். துரையின் ஜீப் வந்தால் மழையிலும் குடையை மடக்கி, தண்ணீர் ஓடும் பாதையோரக் கானில் இறங்கி நின்று வளர்ந்தவன்.

வெள்ளோட்டம் எங்கள் தோட்டத்து ஃபெக்டரியிலேயே நடந்தது. ட்ரையரில் நின்றவன் என் அண்ணன். வெயிலிலும் மழையிலும் தேயிலைச் சரிவில் நிற்கிற மலை வேலையிலிருந்து அந்த இடத்துக்கு வர அவனுக்குப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

"மெஷின் பாக்கும். நீ கை வைக்க வேணாம். வச்சா திரும்ப மலைதான்" என்று துரை அவனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

தன் அறைக்குப் போனவர், வெள்ளோட்டம் பார்க்க வந்திருந்த விருந்தாளிகளுக்கு எதிரே உட்கார்ந்து திரையின் பொத்தான்களை அமுக்கத் தொடங்கினார். அமுக்க அமுக்கத் திரையில் கோலம் கோலமாகப் படம் வந்தது. கெர்னல் சொன்ன சொல் தவறவில்லை. சூட்டை அப்படியே போட்டுவிட்டுத் துரைக்குப் படம் வரைந்துகொண்டிருந்தது.

இங்கே ட்ரையரில் கருகல் வாசம் கிளம்பியது. அண்ணன் என்னைப் பார்த்தான். நான் எங்கள் மூளை இருந்த பெட்டியைப் பார்த்தேன். கொஞ்சம் பொறுத்துவிட்டு அவன் கை நீட்டிக் குளிர்காற்றுக் கதவைத் திறந்தான். தேயிலை தப்பியது.

அமுக்கி ஓய்ந்த பிறகு திரையில் சூடு சரிந்திருந்ததைக் கண்டு துரை வந்தார். கை வைத்தது யார் என்று கேட்டார்.

"நாந்தாங்க" என்றான் அண்ணன்.

பிழை என் இலக்கத்தில் என்று சொல்ல வாய்வரை வந்தது. இந்தப் பெட்டி தேறினால் இன்னும் மூன்று ஃபெக்டரி எங்களுக்கு. இன்ஜினியர் பக்கத்திலேயே நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் அது எனக்கு வெட்கம்தான்.

மறுநாள் காலை, ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டில், அண்ணனை மலையில் கான் வெட்டப் போட்டார்கள். அதே காலையில் நான் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பெட்டி அதன் பிறகு பல வருடம் பிசகாமல் ஓடியது.

பின்னேரம் எங்கள் லயத்து வீட்டு வாசலில் மண்வெட்டியைக் கழுவியபடி அண்ணன் கேட்டான். "ஏன்டா, அந்தப் பொட்டி ஏன் சும்மா இருந்துச்சு?"

"தொரை அமுக்கிக்கிட்டே இருந்தாருல்ல. அவருக்குத்தான் மொதல்ல பதில் சொல்லணும்னு நான் எழுதி வச்சிருந்தேன்."

அவன் சிரித்துவிட்டான்.

"அப்ப அதுவும் நம்ம தோட்டத்துல பொறந்ததுதான்."

அதற்கு அவன் என் கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால் தேவலாம் என்றிருந்தது எனக்கு.