உதறும் மேசையும் புதன்கிழமையும்

பிள்ளைகளே, போன வாரம் என் சாப்பாட்டுப் பையைத் துழாவியபோது உங்களுக்கு ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் தாள் கிடைத்தது. பாதி நட்சத்திரம் உரிந்துபோன தாள். சின்னவள் அதில் மூன்றை எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டு, "அப்பா, உனக்கு யாரு ஸ்டார் குடுத்தா?" என்று கேட்டாள். பெரியவன், "அப்பாவுக்கு யாருடி குடுப்பா, அவருதான் எல்லாருக்கும் குடுப்பாரு" என்றான். நான், "ஆபீஸ்ல குடுத்தாங்க" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். அன்று எனக்குப் பேசத் தெம்பில்லை. இன்று ஞாயிறு. உங்கள் அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள். உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று பழைய நோட்டை எடுத்தேன். பத்தாவதோடு நின்ற கை. பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

அப்பா ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்கிறீர்கள். உண்மைதான். ஆனால் நோயாளி இருக்கும் பக்கம் நான் போவதே இல்லை. கட்டடத்துக்குப் பின்னால், ஜெனரேட்டர் அறையை ஒட்டி, தகரக் கூரை போட்ட லாண்டிரிதான் என் இடம். படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் தியேட்டரின் பச்சைத் துணி எல்லாம் அங்கே வந்துதான் வெளுத்துப் போகும். ஆறு பெண்கள், ஐந்து ஆண்கள், மேஸ்திரி என்று நான்.

வருகிற துணி நேராக மெஷினுக்குப் போகாது. முதலில் ஒரு நீளமான மேசையில் மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாக உதற வேண்டும். ஊசி இருக்கும், பஞ்சு இருக்கும், ரத்தம் காய்ந்த கட்டு இருக்கும். ஒருமுறை யாருடைய பல்செட்டோ இருந்தது. இதைவிட மோசமானதும் இருக்கும், அதையெல்லாம் உங்களுக்கு எழுத வேண்டாம். அந்த மேசையில் நின்றது ஒரே ஒருவர், நல்லவாடு மீனவக் குப்பத்திலிருந்து வருகிற நல்லவாட்டு அக்கா. அவர் வீட்டுக்காரர் போட்டில் கடலுக்குப் போகிறவர். அக்கா முன்பு தலைச்சுமையாக மீன் விற்றார். முட்டி தேய்ந்து தெருத்தெருவாக நடக்க முடியாமல் போனதும், நின்று செய்கிற வேலை போதும் என்று இங்கே வந்தார். வந்து ஏழு வருடம். வருடத்தில் ஒரே ஒரு நாள், வீராம்பட்டினம் தேர் அன்று, லீவு போடுவார். அன்று மூட்டைகள் அப்படியே கிடக்கும். மறுநாள் அக்கா வந்து இரண்டு நாள் துணியையும் சேர்த்து உதறுவார். இதில் தப்பு ஏதாவது இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. யார் எந்த வேலைக்குப் பழகினாரோ அவர் அதைச் செய்கிறார் என்று இருந்துவிட்டேன்.

ஆறு மாதத்துக்கு முன்பு எங்கள் மேனேஜர் கூப்பிட்டார். சின்ன வயது, நல்ல மனிதர், கோபமே வராது. "இந்த வருஷம் இன்க்ரிமெண்ட் இல்ல. ஆனா தியேட்டர் துணி லேட்டா வருதுன்னு கம்ப்ளெயிண்ட் மேல கம்ப்ளெயிண்ட். இப்படியே போனா வெளிய காண்ட்ராக்ட்டுக்கு விட்டுடலாம்னு மேல சொல்றாங்க. நீங்கதான் டீமை மோட்டிவேட் பண்ணணும். துட்டு குடுத்து வேலை வாங்க யாரால வேணா முடியும்" என்றார். எனக்கும் சம்பளம் ஏறவில்லை என்பது அவருக்கு ஞாபகம் இருந்ததா, தெரியவில்லை. பிறகு எங்களைப் போன்ற மேஸ்திரிகளை ஒரு ஏசி ஹாலில் உட்காரவைத்து இரண்டு மணி நேரம் வகுப்பு எடுத்தார்கள். நான் பாதியில் தூங்கிவிட்டேன். முடிந்ததும் ஆளுக்கு ஒரு பலகையும் ஒரு கட்டு நட்சத்திரத் தாளும் கொடுத்தார்கள். நன்றாக வேலை செய்கிறவர் பெயருக்கு எதிரே ஒட்ட வேண்டுமாம்.

பலகையைத் தூக்கிக்கொண்டு லாண்டிரிக்கு வந்தால், வாசலில் நல்லவாட்டு அக்கா நின்றிருந்தார்.

"மேஸ்திரி, இந்த மாசத்தோட நின்னுக்கிறேன். வேற ஆளு பாத்துக்க."

"இன்னாக்கா திடீர்னு? துட்டு பத்தலையா?"

"துட்டு யாருக்குத்தான் பத்துது? அதுக்கு இல்ல. நின்னுக்கிறேன், அவ்ளோதான்."

அக்கா போனால் அந்த மேசையில் நிற்க ஆள் கிடையாது. உதறாமல் மெஷின் ஓடாது. மெஷின் ஓடாவிட்டால் காண்ட்ராக்ட். பதினோரு பேரும், பன்னிரண்டாவதாக நானும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். உங்கள் பள்ளிக்கூட வேனும் அதோடு நிற்கும். மாதம் முடிய மூன்று வாரம் இருந்தது.

நான் செய்தது என்ன தெரியுமா? நட்சத்திரம் ஒட்டினேன். வேறு எதுவும் தெரியவில்லை. முதல் நாளே டிரையரில் துணி காயவைக்கும் ஆள் பலகையை ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னா மேஸ்திரி, ஒண்ணாங்கிளாஸ் டீச்சராயிட்டியா? அஞ்சு ஸ்டார் சேந்தா இன்னா குடுப்ப? ரப்பரா, பென்சிலா?"

"உனக்கு மொதல்ல ஒண்ணு வருதான்னு பாருடா" என்றாள் துணி மடிக்கும் பெண். அவள் கரும்பு போடுகிற குடும்பத்தில் வாக்கப்பட்டவள், வாய் கொஞ்சம் நீளம்.

அந்த வாரக் கடைசியில் எல்லாரையும் நிற்கவைத்து, அக்கா பெயருக்கு எதிரே ஆறு நட்சத்திரம் ஒட்டிக் கைதட்டச் சொன்னேன். தட்டினார்கள். அக்கா தட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கூட்டம் கலைந்ததும் வந்து, "எம் பேருக்கு எதுத்தால இருக்கறத எடுத்துடு மேஸ்திரி. எல்லாரும் தள்ளி நின்னு தட்றீங்க" என்றார். தள்ளி நின்று என்று ஏன் சொன்னார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த புதன்கிழமை மதியம், எப்படியாவது பேசிப் பார்ப்போம் என்று என் டிபன் பையோடு அவரைத் தேடிப் போனேன். மற்றவர்கள் துணி மடிக்கும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் பாத்திரத்தில் ஒருவர் கைவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா பின்பக்கம், ஜெனரேட்டர் நிழலில், கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கூடைமேல் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் தினமும் அங்கேதான் சாப்பிடுவார். தனியாக இருப்பது அவருக்குப் பிடிக்கும் போல என்று ஏழு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"குந்து மேஸ்திரி. சங்கரா மீன் கொழம்பு. ஒரு வாய் ஊத்தட்டா?"

"வேணாங்கா. இன்னிக்கு கெழமை, கவுச்சி கெடையாது."

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அக்கா குழம்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அப்புறம் சிரித்தார்.

"இன்னா கெழமை மேஸ்திரி? புதன். திங்ககெழமை கேட்டா சிவனுக்குன்ன. செவ்வான்னா முருகனுக்குன்ன. வியாழன் குருவுக்கு. வெள்ளி அம்மனுக்கு. சனி பெருமாளுக்கு. ஞாயிறு லீவு. ஏழு வருசமா புதன் ஒண்ணத்தான் பாக்கி வெச்சிருந்த. அதையும் சாமிக்குக் குடுத்துட்டியா?"

"இல்லக்கா, வூட்ல ஒரு வேண்டுதலு…"

"வேண்டுதலா? உன் டிபன் பாக்ஸ்லேருந்து நெத்திலி வறுவலு வாசன வருது. நல்லவாட்டுக்காரிகிட்ட வந்து மீன் வாசனைய மறைக்கப் பாக்கறியேப்பா!"

அன்று காலை உங்கள் அம்மா வறுத்துக் கொடுத்த நெத்திலிதான். நீங்களும் அதைத்தான் பள்ளிக்குக் கொண்டுபோனீர்கள். என் பையை நான் பின்னால் ஒளித்தேன். நாற்பத்தைந்து வயது ஆள், திருட்டு மாங்காயை ஒளிப்பது மாதிரி.

அக்கா கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். "டாக்டருங்க கழுவற மாரி முட்டிவரைக்கும் சோப்பு போட்டு மூணு தபா கழுவறேன். அப்பறந்தான் சோத்துல கை வெக்கிறேன். உள்ள குந்தியிருக்கறவங்கதான் எங் கொழம்பத் தொடல, சரி. அதுங்க மடிக்கிற சனங்க. நீ மேஸ்திரி. அந்தத் துணி இன்னாத்துலேருந்து வருதுன்னு தெரிஞ்சவன். ஊருல பத்து வூட்டுக்கு நான் மீன் அரிஞ்சு குடுத்திருக்கேன், ஒருத்தரும் வேணான்னதில்ல. இங்க வந்துதான் என் கை ஆகாத கை ஆயிடிச்சி."

நான் அப்போதாவது ஒரு வாய் வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. கை போகவில்லை, பிள்ளைகளே. உங்களிடம் பொய் எழுத விரும்பவில்லை. "வரேங்கா" என்று எழுந்து வந்துவிட்டேன். நெத்திலியை நாய்க்குப் போட்டேன்.

மறுநாள் காலை சீக்கிரமே போய், ஏப்ரனும் நீளமான கையுறையும் மாட்டிக்கொண்டு உதறும் மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றேன். அக்கா வந்து பார்த்தார். ஒரு மூட்டையை என் பக்கம் தள்ளினார். முதல் விரிப்பிலேயே எனக்குக் குமட்டியது. வெளியே ஓடினேன். திரும்பி வந்தபோது அக்கா சொன்னார், "உன் பக்கமா உதறாத. அந்தண்ட உதறு. வாயால மூச்சு வுடு."

டிரையர்காரன் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் கத்தினான்: "யம்மா, வாந்தி எடுத்ததுக்கு மேஸ்திரிக்கு ஒரு ஸ்டார் ஒட்டுங்கடி!"

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். ஒரு மணி நேரம் தாங்கினேன். இடுப்பு விட்டுப்போனது. ஏழு வருடத்தை அந்த ஒரு மணி நேரத்தால் பெருக்கிப் பார்க்க முயன்று, விட்டுவிட்டேன்.

அன்றே மேசைக்கு முறை வைத்தேன். நம் பாகூரில் ஏரித் தண்ணீருக்கு முறை வைப்பது உங்களுக்குத் தெரியும். பெரிய கழனியோ அரைக் காணியோ, முறை வந்தவன் மடையில் நிற்க வேண்டும். அதில் யாரும் வழக்கு பேச முடியாது. அதே மாதிரி நாளுக்கு இரண்டு பேர் உதற வேண்டும், முதல் பெயர் என்னுடையது என்றேன். லாண்டிரியில் பாதிப் பேர் கழனிக்காரர்கள். முறை என்ற சொல்லுக்கு அவர்கள் வாய் அடங்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை.

"தண்ணிக்கு முறை வெச்சா தண்ணியாவது கெடைக்கும். இதுல இன்னா கெடைக்கும்?" என்றாள் மடிக்கும் பெண். "எம் மாமியாருக்குத் தெரிஞ்சா வூட்டுக்குள்ளயே வுடாது."

"தெரியாத மாரி குளிச்சிட்டுப் போடி" என்றார் அக்கா. "நான் பக்கத்துல நிக்கிறேன், வா. ஊசி எங்க இருக்கும்னு துணியத் தொட்டாலே சொல்லிடுவேன்."

இரண்டு ஆண்கள் முடியவே முடியாது என்றார்கள். ஒருவன் வேலையை விட்டே போய்விட்டான். இன்னொருவன் இரண்டு வாரம் என் முகத்தைப் பார்க்காமல் இருந்துவிட்டு, பிறகு தானாக வந்து கையுறை மாட்டினான். மடிக்கும் பெண் முதல் நாள் அழுதுகொண்டே உதறினாள். இதெல்லாம் சந்தோஷமாக நடந்தது என்று நினைக்காதீர்கள். நான் வீட்டுக்கு வந்து உங்களிடம் எரிந்து விழுந்த நாட்கள் இவைதான்.

ஆனால் ஒன்று மாறியது. ஒருநாள் மேசையில் நின்றவன் அடுத்த நாள் அங்கே நிற்கிறவரைப் பார்த்து மூக்கைச் சுளிக்க முடியவில்லை. இரண்டு பேர் உதறியதால் துணி சீக்கிரம் மெஷினுக்குப் போனது. தியேட்டர் துணி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மாதக் கடைசி வந்தது. அக்கா வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்றும் சொல்லவில்லை, இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை. ஒன்றாம் தேதி காலை அவர் சாப்பாட்டுக் கூடை எப்போதும் மாட்டும் ஆணியில் தொங்கியது. அதைப் பார்த்துவிட்டு நான் போய் பாய்லரைப் போட்டேன்.

இப்போது மதியத்தில் அக்கா மடிக்கும் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். முதலில் அவர் குழம்பில் கைவிட்டது டிரையர்காரன்தான். நான் இல்லை. நான் மேஸ்திரி வேலையைச் சாக்கு வைத்து மெஷின் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அக்கா என்னை மறுபடி கேட்கவும் இல்லை.

சம்பளம் இன்னும் ஏறவில்லை. ஒரு மெஷின் பழுதாகிக் கிடக்கிறது. போன புதன்கிழமை மதியம் மேனேஜர் கூப்பிட்டு, ஸ்டார் பலகை நன்றாக வேலை செய்கிறது, மற்ற பிரிவுகளுக்கும் நான் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்றார். பலகை இருக்கிறது, அதில் இப்போது முறைத் தாள் ஒட்டியிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவருக்கு ஃபோன் வந்துவிட்டது. மீதி நட்சத்திரத் தாளைக் அவரிடம் கொடுத்துவிடலாம் என்று காலையிலேயே சாப்பாட்டுப் பையில் எடுத்து வைத்திருந்தேன். அவர் கூப்பிட்டதும் பையை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டேன். அதைத்தான் நீங்கள் கண்டுபிடித்தீர்கள்.

அன்று ஆபீஸில் வெகுநேரம் உட்காரவைத்துவிட்டதில், நான் லாண்டிரிக்குத் திரும்பியபோது ஷிஃப்ட் முடிந்து எல்லாரும் பஸ்ஸுக்குப் போயிருந்தார்கள். மடிக்கும் மேசையின் ஓரத்தில் என் டிபன் பை இருந்தது. பக்கத்தில் தட்டு போட்டு மூடிய ஒரு சின்னக் கிண்ணம். தட்டைத் தூக்கினேன். மீன்குழம்பு, நடுத்துண்டு. மேலே எண்ணெய் உறைந்திருந்தது. அது யாருக்கு என்று எதுவும் எழுதவில்லை. எழுத வேண்டியதும் இல்லை.

சோற்றைத் திறந்தேன். முதல் வாய் தொண்டையில் நின்றது. தண்ணீர் குடித்து இறக்கினேன். இரண்டாவது வாயில் புளிப்பு தெரிந்தது. உங்கள் அம்மா வைப்பதைவிடக் காரம் தூக்கல். முள்ளை ஓரமாக ஒதுக்கி, கிண்ணத்தில் ஒட்டியிருந்ததையும் சோறு போட்டு வழித்துத் தின்றேன். பிறகு குழாயடிக்குப் போய் கிண்ணத்தைக் கழுவி, அக்கா கூடை மாட்டும் ஆணிக்குக் கீழே கவிழ்த்து வைத்தேன்.