மூன்று மன்னிப்புக் கடிதங்கள்

மூணு தடவையும் ஒரே வாசகந்தான் எழுதிக் கொடுத்தேன். "தாமதமாக வந்தது என் தவறு. மன்னிக்க வேண்டும்." கீழே கையெழுத்து. ஹாஸ்டல் வார்டன் அம்மா கெட்டவங்க இல்ல, ஆனா சட்டம்னா சட்டந்தான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு கேட்டைச் சாத்திருவாங்க. நான் ஏழேகாலுக்கு வந்து நிப்பேன். தாளை நீட்டுவாங்க, எழுதுவேன். மூணாவது தாளை வாங்கி வச்சுக்கிட்டு, இனிமே இது என் கையில இல்ல, கவுன்சிலுக்குப் போகுதுன்னு சொல்லிட்டாங்க.

இது நடந்தது எழுபதுகள்ல. பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு காலேஜ்ல பத்தாவது முடிச்சுட்டு ப்ரீ டிகிரி படிச்சேன். வீடு மூணாறு மலையில, ஒரு தேயிலை எஸ்டேட்டுல தொழிலாளிகளுக்குக் கட்டிவிட்ட லயத்துல. அந்த லயத்துல இருந்து காலேஜ் வாசலை மிதிச்ச மொத ஆளு நான்தான். ஹாஸ்டலை விட்டு அனுப்பிட்டாங்கன்னா எனக்குப் படிப்பு அன்னிக்கே முடிஞ்சது. மறு வாரம் அம்மா கூட கூடையைக் கட்டிக்கிட்டு கொழுந்து கிள்ளத்தான் போகணும். அது கேவலம்னு சொல்ல வரல. அந்தக் கொழுந்துதான் எனக்குச் சோறு போட்டுச்சு. ஆனா எனக்குப் படிக்கணும்னு இருந்துச்சு, அவ்வளவுதான்.

மாசக் கடைசி சனி ஞாயிறு ஹாஸ்டல்ல மெஸ்ஸை மூடிருவாங்க. எல்லாரும் ஊருக்குப் போயாகணும். பக்கத்துல இருக்கிற வடகரப்பதி, முதலமடைப் பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். மாம்பழமும் முறுக்குமா மூட்டை கட்டிக்கிட்டு நாலு மணிக்கே வந்து உக்காந்திருப்பாளுக. நான் எஸ்டேட்டுல இருந்து மூணாறு டவுனுக்கு வரவே ஞாயித்துக்கிழமை சந்தைக்குப் போற லாரியை விட்டா வேற வழியில்ல. அதுக்கப்புறம் உடுமலைப்பேட்டை பஸ்ஸு, அங்கிருந்து பொள்ளாச்சி, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸு. யானை குறுக்க வராத நாள்லயே ஏழேகால் ஆயிரும்.

இதை ஏன்டி சொல்லலைன்னு இப்ப யாராச்சும் கேப்பீங்க. எங்க ஊர் வழக்கம் அப்படி. காலையில வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்துல பேர் கூப்பிடும்போது ரெண்டு நிமிசம் பிந்தி வந்தா, தலையைக் குனிஞ்சு "தப்புதாங்கய்யா"ன்னு சொல்லணும். அரைப்பேர் போடுவாங்க, அதாவது அன்னிக்குப் பாதிநாள் கூலி. பிள்ளைக்குக் காய்ச்சல், மழையில பாதை சறுக்குச்சுன்னு வாயைத் திறந்தோமோ, எதுத்துப் பேசுறியான்னு அந்தப் பாதியும் போயிரும். நான் பொறந்ததுல இருந்து பாத்தது இதுதான். வார்டன் அம்மா தாளை நீட்டுன உடனே என் கை தானா எழுதிருச்சு. ரூம்ல இருந்த பிள்ளைக "ஊமை ஊரைக் கெடுக்கும்"னு கேலி பண்ணுவாளுக. சிரிச்சுக்கிட்டே இருந்துருவேன்.

கவுன்சில்னா எல்லாத் துறைத் தலைவருங்களும் பிரின்சிபால் ரூம்ல கூடுறது. எந்தப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன ஃபீஸ், யாருக்கு ஹாஸ்டல்ல இடம், எல்லாம் அங்கதான் முடிவாகும். முடிவைத் தெரிஞ்சுக்க என்னையும் வரச் சொல்லியிருந்தாங்க. வெளியில நிறுத்த வேண்டிய பியூன், மழைச்சாரல் அடிக்குதேன்னு இரக்கப்பட்டு கதவுக்கு உள்பக்கமா ஒரு ஸ்டூலைப் போட்டு உக்கார வச்சுட்டாரு. யாரும் திரும்பிப் பாக்கல. அதனால முழுசையும் பாத்தேன்.

அடி ஆத்தீ, நான் கண்ட காட்சி! லேபுல உடையிற கண்ணாடிச் சாமானுக்கு எல்லாப் பிள்ளைங்ககிட்டயும் ஃபீஸ் கூட்டணும்னு பிரின்சிபால் சொல்றாரு. கெமிஸ்ட்ரித் துறையைப் பாத்துக்கிட்டிருந்தவரு மீசை கூட சரியா வளராத லெக்சரர். அவரு எந்திரிச்சு, அது சரியில்ல சார், நான் ஒத்துக்க மாட்டேன்னு மலையாளத்துல மூஞ்சிக்கு நேரா சொல்றாரு. இன்னிக்கு இவருக்கு வேலை போச்சுன்னு நெனச்சேன். பிரின்சிபால் கோவப்படல. சரி, அப்ப எப்படிச் செய்யலாம்னு அவர்கிட்டயே கேட்டாரு. அரைமணி நேரம் பேசுனாங்க. அப்புறம் கை தூக்கச் சொல்லி எண்ணுனாங்க. பிரின்சிபால் தோத்துட்டாரு! தோத்ததைத் தானே நோட்டுல எழுதி, அடுத்ததுன்னு பக்கத்தைப் புரட்டுனாரு. வாயில ஈ போறது தெரியாம பாத்துக்கிட்டிருந்தேன். எங்க எஸ்டேட்டு மேனேஜர் துரைகிட்ட ஒருத்தர் இல்லைன்னு சொல்லி, அதை அவரே எழுதி வைக்கிறதுன்னா எனக்கு நெனச்சுப் பாக்கவே வரல. உலகத்துல இப்படியும் ஒரு ரூம் இருக்குதான்னு மலைச்சுப் போயிட்டேன்.

அடுத்தது நான்தான். வார்டன் அம்மா மூணு தாளையும் படிச்சாங்க. பிள்ளையே தப்புன்னு ஒத்துக்கிட்டா, இனிப் பேச என்ன இருக்குன்னு யாரோ சொன்னாங்க. கணக்கு புரொபசர் எந்திரிச்சாரு. கிழக்குப் பாலக்காட்டு விவசாயக் குடும்பம், கறாரான மனுசன். ஆறு மணிச் சட்டத்தைக் கொண்டு வந்ததே அவருதான். இனி நம்ம கதை முடிஞ்சுதுன்னு கண்ணை மூடிக்கிட்டேன்.

அவரு சொன்னது வேற. மூணு தாள்லயும் தப்பு இருக்கு, காரணம் இல்ல. காரணமே இல்லாம ஒருத்தி மூணு மாசமும் சொல்லி வச்சாப்புல ஏழேகாலுக்கு எப்படி வருவா? இந்தக் கணக்கு எனக்கு இடிச்சுது. அதனால போன சனிக்கிழமை நானே மூணாறுக்குப் போனேன்னாரு. எஸ்டேட்டு ஆளுக டவுனுக்கு எப்படி வருவாங்கன்னு விசாரிச்சு, ஞாயித்துக்கிழமை சந்தை லாரி எப்ப வருதுன்னு நின்னு பாத்து, அதுல வந்து இறங்குனவங்களோட அதே பஸ்ஸுல ஏறி, வளைவுல ரெண்டு தடவை வாந்தியெடுத்து, ஹாஸ்டல் கேட்டுல வந்து இறங்கியிருக்காரு. வாட்ச்மேனைக் கூப்பிட்டு நேரம் கேட்டாராம். ஏழு இருபது. பஸ் டிக்கெட்டை எல்லாம் மேசையில வரிசையா வச்சாரு. என்னைவிட அஞ்சு நிமிசம் லேட்டு. "நான் போட்ட சட்டப்படி என்னாலயே வந்து சேர முடியல"ன்னு சாவகாசமாச் சொன்னாரு. யாரோ சிரிச்சாங்க, அவரு சிரிக்கல.

அப்புறந்தான் கதவோரம் நான் இருக்கறதைப் பாத்தாரு. தமிழ்ல கேட்டாரு.

"ஏன் அம்மிணி, இதை முன்னாடியே சொல்லல?"

எந்திரிச்சு நின்னேன். எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னு தேடுனேன். பன்னெண்டு பேரு. ஒருத்தரும் அவசரப்படுத்தல. காத்துக்கிட்டு இருந்தாங்க. எனக்காகப் பெரியவங்க காத்திருந்தது என் ஆயுசுல அதான் மொத தடவை.

"எங்க எஸ்டேட்டுல காரணம் சொன்னா எதுத்துப் பேசுறதுன்னு அர்த்தம் சார். தண்டனை கூடும்."

பிரின்சிபாலுக்குத் தமிழ் வராது. கணக்கு புரொபசர் அதை மலையாளத்துல நிதானமாச் சொன்னாரு. பிரின்சிபால் அதையும் நோட்டுல எழுதிக்கிட்டாரு. மெஸ் மூடுற ஞாயித்துக்கிழமை மலைப் பிள்ளைகளுக்கு எட்டு மணி வரைக்கும் கேட் திறந்திருக்கும்னு முடிவாச்சு. அதோட, யாரைத் தண்டிக்கிறதுக்கு முன்னாலயும் காரணத்தைக் கேட்டு எழுதிக்கணும்னு இன்னொரு வரியும் சேத்தாங்க. மொதல்ல கை தூக்குனது வார்டன் அம்மா.

அடுத்த மாசம் வீட்டுக்குப் போனதும் அப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். எனக்கு ஹாஸ்டல் நெலச்சுதுன்னு அம்மா அழுதுச்சு. பிரின்சிபால் தோத்த கதையை அப்பா நம்பவே இல்ல, சும்மா அளக்காதன்னுட்டாரு. முப்பது வருசமா பெரட்டுக்களத்துல தலையைக் குனிஞ்சு நின்ன மனுசன். ஆனா புரொபசர் கேட்டதைச் சொன்னப்ப சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வச்சுட்டு, அவரு கேட்டதை மட்டும் இன்னொரு வாட்டி சொல்லுன்னாரு. சொன்னேன். நீ பதில் சொல்ற வரைக்கும் அத்தனை பேரும் பேசாமயா இருந்தாங்கன்னாரு. ஆமாப்பா, இருந்தாங்கன்னேன்.

அப்பா கையைக் கழுவிட்டு வந்து உக்காந்தாரு.

"என்கிட்ட ஒருத்தரும் கேட்டதில்ல தாயி. கேட்டிருந்தா, சொல்றதுக்கு என்கிட்ட நெறைய இருந்துச்சு."