சத்து ஊசி என்று சொன்னார்கள்

எனக்கு மாதவிலக்கு நின்று ஏழு வருஷம் கழித்து மறுபடி கறை கண்டது. அறுவடை முடிந்த மாசி மாதம். நயினார்கோவில் பக்கம் எங்கள் ஊர். விலக்கானவள் வீட்டுக்குள் வரக் கூடாது. மாட்டுக் கொட்டகையை ஒட்டித் தனிப் பாய், தனித் தட்டு. நானே எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். முறை பார்ப்பதில் நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை.

"என்ன புள்ள, வயசு திரும்புதா?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மூன்று வாரமாகியும் நிற்கவில்லை. மதுரைக்கு ரயிலில் கூட்டிப்போனார். டாக்டரம்மா கர்ப்பப்பையின் உள்ளே சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று என் வீட்டுக்காரரை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்தவர், "ஒண்ணுமில்ல. ரத்தம் கொறைஞ்சு போச்சாம். சத்து ஊசி போட்டாச் சரியாப் போகும்" என்றார்.

வாரம் ஒரு ஊசி, ராமநாதபுரத்தில். எண்ணெய் மருந்து. போட்ட இடம் இரண்டு நாள் கன்றிக் கிடக்கும். கறை குறைந்தது, நிற்கவில்லை. அதனால் வீடு திரும்பினால் கொட்டகைதான். மருமகள் ஆக்கிய சோற்றை அவர் கொண்டுவந்து எட்ட வைத்துவிட்டுப் போவார். நான்கு மாதம் அப்படிப் போனது.

ஆனியில் மதுரைக்குக் காட்டப் போனபோது, பெஞ்சில் பக்கத்தில் பிலோமி உட்கார்ந்திருந்தாள். தங்கச்சிமடத்து மீன்பிடிக்கிற வீட்டுப் பெண், முப்பது வயது.

"எத்தனாவது ஊசி, பெரியம்மா?"

"பதினாறு. சத்துக்கு."

"சத்துக்கா? இது கர்ப்பப்பைப் புத்துக்குல்ல போடுறாக! எங்க வீட்டுக்காரரு அன்னைக்கே சொல்லி அழுதாரே."

"எனக்கு வேற மருந்தா இருக்கும்" என்றேன். ஆனாலும் அவள் மருந்துப் பெட்டியை வாங்கி என்னுடையதோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். இங்கிலீஷ் எழுத்து தெரியாது. கோலத்தை ஒத்துப் பார்ப்பதுபோல் பார்த்தேன். ஒரு வளைவுகூட மாறவில்லை.

நேரே டாக்டரம்மாவிடம் போனேன். அது ஹார்மோன் ஊசி (பெண் உடம்பில் தானாக ஊறுவதைப்போல் செய்த மருந்து) என்றார்.

"பிலோமிக்கு இன்னும் தீட்டு வருது, பிள்ளையும் வேணுங்கிறா. அதனால கர்ப்பப்பையை எடுக்காம, ஊசிக்கு அடங்குதான்னு பார்க்கிறோம். உங்களுக்கு நின்னுபோச்சு. எடுத்துடுறதுதான் நல்லது. நீங்க பயந்துக்கிட்டு மாட்டேன்னதா உங்க வீட்டுக்காரர் சொன்னாரே?"

என் வீட்டுக்காரர் வராந்தாவில் நின்றார். "நீ தாங்க மாட்டேன்னு நெனச்சேன்" என்றார்.

"சரி. தீட்டு இல்ல, நோவுன்னு தெரிஞ்சுமா என்னையக் கொட்டகையில உக்கார வச்சீக?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உள்ள கூப்பிட்டா, ஏன்னு கேப்பியே."

ஆபரேஷன் தாளில் என் பெயரை நானே எழுதினேன். நான்கு எழுத்துக்கு வியர்த்துவிட்டது. கர்ப்பப்பையை எடுத்தார்கள், பிழைத்தேன். பிலோமிக்கு ஊசியிலேயே அடங்கியதாகக் கேள்வி.

இதைப் படிக்கிற பெண்களே, முடிவு சொல்லும் அன்று நீங்களும் அந்த அறைக்குள் போங்கள்.

வருஷங்கள் ஓடிவிட்டன. உள்ளே ஒன்று இல்லை என்பது எனக்குத் தெரிவதே இல்லை. அந்த நான்கு மாதம்தான் இன்னும் உடம்பில் இருக்கிறது. மழைக்கு முன் தழும்பு இழுக்கும். அப்போது கொட்டகைப் பக்கம் போய் நிற்பேன்.

"உள்ள வா புள்ள" என்று அவர் கூப்பிடுவார். ஏன் என்று நான் கேட்பதில்லை. உடனே போவதும் இல்லை.