ஆடாதொடைப் பொட்டலமும் பற்றவைக்கும் கயிறும்

நாட்டு மருந்துக் கடைக்கு வருகிறவர்கள் இரண்டு வகை: உடம்பு கெட்டுப்போனதால் வருகிறவர்கள், உடம்பைத் தொடர்ந்து கெடுத்துக்கொள்ள வசதி கேட்டு வருகிறவர்கள். இரண்டாவது வகையில் பெரும்பாலோர் பீடி, சிகரெட் பிடிப்பவர்கள். கரையான்சாவடி மெயின் ரோட்டில் அப்பா வைத்த கடையில், எண்பதுகளின் நடுவிலிருந்து பதினைந்து வருஷம் நான் உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்குக் கண் மங்கியதும் கடைச் சாவி என்னிடம் வந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். சரக்கின் பெயர் எழுதத் தெரியும், எடை போடத் தெரியும். மனிதர்களிடம் பேசத்தான் வராது. கேட்டதை எடை போட்டு, மடித்து, நூல் சுற்றிக் கொடுத்தால் என் வேலை முடிந்தது. தராசு முள் நடுவில் வந்து நிற்காமல் ஒரு பொட்டலம்கூட மடித்ததில்லை.

உங்களில் யாராவது புகை பிடிக்கிறவரோடு ஒரே வீட்டில் காலம் தள்ளியிருந்தால் தெரியும், அடுத்த அறையில் இருமல் கிளம்பினதும் கையில் இருக்கிற வேலை அப்படியே நின்றுவிடும். அடுத்த மூச்சு வருகிறதா என்று காது போய்விடும். எனக்கு அது நாள் முழுக்க நடந்தது. ஆகவே நீங்களும் நானும் ஒரே கட்சி என்று நினைத்துக்கொண்டு சொல்கிறேன்.

கயிறு எந்தப் பக்கம்

என் கடையை ஒட்டி காதர் பாயின் பெட்டிக்கடை. இரண்டுக்கும் நடுவில் இருந்த கம்பத்தில் ஒரு தேங்காய் நார்க் கயிறு தொங்கும். காலையில் கடை திறந்ததிலிருந்து மூடும்வரை அதன் நுனி கனன்றுகொண்டே இருக்கும். பீடி வாங்கியவர்கள் அதில் பற்றவைத்துக்கொள்வார்கள். என்னிடம் இருமலுக்குப் பொடி வாங்கியவரும் பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்ட கையோடு அதே கயிற்றுக்குத்தான் போவார். புகை நேராக என் கடைக்குள் வரும். அதிமதுரம், பனங்கற்கண்டு எல்லாம் வாடையைச் சட்டென்று பிடித்துக்கொள்கிற சரக்கு. டப்பாக்களை மூடுவதும் திறப்பதுமாகவே பாதி நாள் போகும்.

கயிற்றை அந்தப் பக்கம் மாற்றிக் கட்டச் சொல்ல வேண்டும் என்று பல நாள் நினைத்து, நினைத்ததை விழுங்கினேன். ஒருநாள் துணிந்து, பாயைப் பார்க்காமல் கயிற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். அவர் வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தக்கூட இல்லை.

“மாத்திடலாம்க்கா, எனுக்கின்னா? ஆனா நஷ்டம் உனுக்குத்தான். இங்க நின்னு பத்தவெச்சு நாலு இருமு இருமினாத்தானே உன் கடை போர்டு அவன் கண்ணுல படுது?”

ஒரு டம்ளருக்கு எத்தனை

முகம் பார்த்துப் பேசும் பழக்கம் இல்லாததால் ஆட்களை இருமலை வைத்துத்தான் எனக்குத் தெரியும். வறட்டு இருமல், கோழை கட்டிய இருமல், பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்த இருமல், பெண்டாட்டி பக்கத்தில் நிற்பதால் அடக்கிய இருமல். ஆரோக்கியம் என்று ஒருவர் வருவார், அவருடைய இருமல் இவற்றில் சேராது. மூடி தளர்ந்த டிபன் பாக்ஸை கேரியரில் வைத்துக் குண்டும் குழியுமான ரோட்டில் சைக்கிள் ஓட்டினால் எப்படிக் கடகடக்குமோ அப்படி இருக்கும். அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்படப் பட்டறையில் வேலை. இரும்பை உருக்கி அச்சில் ஊற்றுவார்கள். அந்தப் புழுதி போதாதென்று பீடி. முதல் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் என் கடை.

முதல் தடவை வந்தபோது நெஞ்சைக் கழுவுகிற மருந்து வேண்டும் என்றார். அப்படி ஒன்று கிடையாது. ஆடாதொடை, தூதுவளை, திப்பிலி சேர்ந்த பொடியைக் கஷாயம் வைத்தால் கோழை இளகும், இருமல் கொஞ்சம் அடங்கும், உள்ளே படிந்த புகையை அது எடுக்காது என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். ‘பீடியை விட்டால்தான்...’ என்று ஆரம்பித்து, முடிக்கத் தைரியம் இல்லாமல் தராசுத் தட்டைத் துடைத்தேன். முள் ஆடிக்கொண்டிருந்ததால் பொடியை இரண்டாம் தடவை எடை போட்டேன். அவர் அதைக் கூர்ந்து பார்த்தார். பிறகு ரகசியம் கேட்பது போலக் குனிந்தார்.

“யக்கா, நீ கரெக்டா அளக்குற ஆளு. ஒரு டம்ளர் கஷாயம் எத்தினி பீடிய தாங்கும்னு சொல்லு, நான் அதுக்கு மேல போவ மாட்டேன்.”

சுருட்டிய இலை

தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வருவார். பொடி வாங்க மாட்டார். காய்ந்த ஆடாதொடை இலைதான் வேண்டும், அதுவும் உடையாத இலையாகப் பொறுக்கித் தர வேண்டும். ஏன் என்று நான் கேட்டதில்லை. பொறுக்கித் தருவேன்.

ஒருநாள் பாயின் கடைப் பக்கமிருந்து புது மாதிரி வாடை வந்தது. பீடி வாடை போலவும் இருந்தது, குப்பைச் சருகைக் கொளுத்தியது போலவும் இருந்தது. எட்டிப் பார்த்தேன். பெரியவர் என் இலையைச் சுருட்டி, நடுவில் பீடித் தூளை அடைத்து, என் பொட்டலத்து நூலாலேயே கட்டி இழுத்துக்கொண்டிருந்தார். மூச்சு இழுப்புக்கு இந்த இலையைச் சுருட்டிப் புகைப்பது முன்பு உண்டு என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். புகையிலையையும் கூட வைத்துச் சுருட்டலாம் என்று அவர்கூடச் சொன்னதில்லை. “ஐயா, அது கஷாயத்துக்கு” என்றேன். அவர் இருமி முடிக்கும்வரை நான் காத்திருக்க வேண்டியிருந்தது.

“ஏம்மா, கஷாயம் வயித்துக்குப் போகுது, என் சீக்கு நெஞ்சுல இருக்கு. மருந்தும் பீடி போற வழியிலயே போனாத்தானே சரியான விலாசத்துக்குப் போய்ச் சேரும்?”

தோசையில் போன தூதுவளை

பெண்கள் காலையில் சமையல் முடித்துவிட்டு வருவார்கள். அந்த நேரத்தில் கயிற்றடியில் ஆள் இருக்காது. புருஷனுக்குத் தெரியாமல் மருந்து கொடுக்க வழி கேட்பார்கள். வேலப்பன்சாவடியிலிருந்து வந்த ஓர் அம்மாளுக்கு, தூதுவளையைத் தோசை மாவில் அரைத்து ஊற்றச் சொல்லியிருந்தேன். இலையில் முள் இருக்கும், நெய்யில் வதக்கிவிட்டு அரைக்க வேண்டும் என்பதுவரை சொல்லி அனுப்பினேன். அவரும் தோசை, ரசம், துவையல் என்று மாற்றி மாற்றிச் செய்தார். புருஷனுக்கு இருமல் குறைந்தது.

இருமல் குறைந்த வீட்டுக்காரி சந்தோஷமாக வருவார் என்றுதானே நினைப்பீர்கள்? முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தார்.

“பில்டர் சிகரெட்டுக்கு மாறினதாலதான் இருமல் போச்சாம். எங்க அண்ணனுக்கும் ஒரு பாக்கெட் வாங்கிக் குடுத்துட்டு வந்து நிக்கிறாரு. நான் தோசைய நிறுத்தவா, இல்ல உண்மையச் சொல்லிடவா, நீங்களே சொல்லுங்க.”

வேண்டாம் என்று சொல்ல வந்தவர்

அந்த அம்மாள் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து கடையில் இருப்புக் கொள்ளவில்லை. நான் கொடுப்பது மருந்தா, இன்னும் நாலு பீடிக்கு அனுமதிச் சீட்டா? உட்காருவேன். எழுந்துபோய் நேராக இருக்கிற டப்பாவைத் திருப்பி வைப்பேன். மறுபடி உட்காருவேன். ஆரோக்கியம் மட்டும் தவறாமல் வந்தார். ‘நல்லா கேக்குதுக்கா’ என்று சொல்லி வாங்கிப்போய்க் கயிற்றடியில் நிற்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்து தலையில் போட்ட முக்காட்டைக்கூட எடுக்காமல் ஒரு பெண் வந்து நின்றாள். என்ன வேண்டும் என்றேன். “எதுவும் வேணாக்கா. வேணாம்னு சொல்லத்தான் வந்தேன்” என்றாள். ஆரோக்கியத்தின் மனைவி ஸ்டெல்லா. தலையணை உறையில் ரத்தம் பார்த்தாளாம், ஒரு தடவை இல்லை. கம்பெனி டாக்டர் நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி எழுதிக்கொடுத்த சீட்டு சட்டைப் பையிலேயே கிடந்து, துவைக்கும்போது கூழாகிவிட்டது. கெஞ்சி இன்னொன்று வாங்க வைத்தாள். அது மாதா படத்துக்குப் பின்னால் செருகிக் கிடக்கிறது. கிளம்பு என்றால், கஷாயம் கேட்கிறது, போன மாசத்துக்கு இந்த மாசம் தேவலை என்கிறாராம். அவருக்கு இனிமேல் பொடி கொடுக்காதீர்கள் என்றாள். நான் கொடுக்காவிட்டால் பூந்தமல்லியில் வாங்குவாரே என்றேன்.

“அங்க வாங்க மாட்டாருக்கா, அவனுங்க கைக்கு வந்தத அள்ளிப் போடுறானுங்கன்னு சொல்வாரு. நீங்க முள்ளப் பாத்து அளக்குறீங்க பாருங்க, அதாலதான் மருந்து வேல செய்யுதுன்னு நம்பிக்கினு கீறாரு. நீங்க இல்லன்னு சொன்னாத்தான் அந்த மனுசனுக்குப் பயம் வரும்.”

இருக்கு, உங்களுக்கு இல்லை

நான் பெருமைப்பட என்னிடம் இருந்தது அந்தத் தராசு ஒன்றுதான். அதுவே ஒரு மனிதரை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் மறிக்கிறது என்றால் எப்படி இருக்கும்? மறுநாள் காலையிலிருந்து என்ன சொல்லலாம் என்று ஒத்திகை பார்த்தேன். தீர்ந்துவிட்டது என்றால் சுலபம். ஆனால் நாளைக்கு வருவார், நாளை மறுநாள் வருவார். எத்தனை நாள் தீர்ந்துபோகும்? மத்தியானம் திருப்பத்தில் அந்தக் கடகடப்பு கேட்டது. சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்ட சத்தம் கேட்டது.

“யக்கா, வயக்கம்போல நூறு.”

“இல்ல.”

“தீந்துபோச்சா? நாளைக்கு வரட்டா?”

“இருக்கு. உங்களுக்கு இல்ல.”

அவர் சிரித்தார். நான் விளையாட்டுப் பேச்சு பேசுகிறவள் இல்லை என்பது நினைவு வந்து நிறுத்திக்கொண்டார். “நான் இன்னாக்கா பண்ணேன்?” என்றார். “எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க. ஒண்ணும் இல்லன்னா தர்றேன்” என்று தராசுத் தட்டிடம் சொன்னேன். ஸ்டெல்லா வந்தாளா என்று கேட்டார். நான் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் குரல் ஏறியது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பினார்கள். “இன்னா நைனா, பொம்பளையாண்ட சவுண்டு?” என்று பாய் இறங்கி வந்தார். ஆரோக்கியம் அவர் கடையிலேயே ஒரு கட்டு பீடி வாங்கி, கயிற்றில் பற்றவைத்து, என்னைப் பார்த்துக்கொண்டே இழுத்தார். இருமல் பிடித்தது. கம்பத்தைக் கட்டிக்கொண்டு குனிந்துவிட்டார். என் கை தானாகப் பொடி டப்பாவுக்குப் போனது. இழுத்து மடியில் வைத்து, இன்னொரு கையால் அழுத்திக்கொண்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துச் சொன்னார்.

“பீடி விக்கிற பாய் ஒருநாளும் எனுக்கு இல்லன்னு சொன்னதில்ல. மருந்து விக்கிறவ சொல்றா, பாத்துக்கோங்க!”

பாயின் புகார்

மறுநாள் அவர் வரவில்லை. அந்த வாரமே வரவில்லை. மத்தியானம் முதல் ஷிஃப்ட் விட்டு சைக்கிள்கள் வரும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பின்தெரு வழியாகப் போயிருக்கலாம். கோபத்தில் பூந்தமல்லிக் கடையிலேயே வாங்கியிருக்கலாம். படுத்த படுக்கையாக இருக்கலாம். ஸ்டெல்லாவும் வரவில்லை. வீடு எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. தெரிந்திருந்தாலும் போய்க் கதவைத் தட்டியிருப்பேனா என்பது சந்தேகம். திப்பிலி கேட்டவருக்கு மிளகை எடை போட்டுவிட்டு, அவர் சொல்லித் திரும்பக் கொட்டினேன். உள்ளே படுத்திருந்த அப்பா, சீக்காளியை வெறும் கையோடு அனுப்பலாமா என்று தினமும் ஒரு தடவை கேட்டார்.

என் தவிப்பு போதாதென்று காதர் பாயும் வந்து நின்றார்.

“உன் ஆளு என்னாண்டயும் வர்ல்லக்கா. உங்க ரெண்டு பேருக்கும் சண்டைன்னா உன் கடைக்கு வராம இருக்கட்டும், நடுவுல என் யாவாரத்த ஏன் கெடுத்த?”

நீளக் கவர்

அடுத்த மாதம் ஒரு காலை வேளையில் ஆரோக்கியம் நடந்தே வந்தார். கக்கத்தில் நீளமான காக்கிக் கவர். பின்னால் ஸ்டெல்லா. வணக்கம் கிணக்கம் எதுவும் இல்லை. கவரிலிருந்து எக்ஸ்ரேயை உருவி, என் கடை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார். எனக்கு என்ன தெரியும்? விலா எலும்பு தெரிந்தது. மேலே ஒரு பக்கம், ஈர மாவுக் கை பட்ட மாதிரி வெளுப்பு.

கோபத்தில்தான் போயிருக்கிறார். ஒன்றுமில்லை என்கிற எக்ஸ்ரேயைக் கொண்டுவந்து என் மூஞ்சிக்கு நேராகக் காட்டிப் பொடியை வாங்கிக்கொண்டு, அதோடு இந்தக் கடைப் படியை மிதிக்கக் கூடாது என்று திட்டம். அங்கே சளியையும் எடுத்துப் பார்த்து, காசநோய் என்று சொல்லிவிட்டார்கள். பல மாசம் ஒருவேளைகூட விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும், சாப்பிட்டால் குணமாகிவிடும், பீடியைத் தொடக் கூடாது. “இன்னும் கொஞ்ச நாள் உட்டிருந்தா கஷ்டம்னாங்கக்கா” என்றாள் ஸ்டெல்லா. விட்டுவிட்டாரா என்று அவளைத்தான் கேட்டேன். அவள் அவரைப் பார்த்தாள். அவர் கம்பத்தைப் பார்த்தார். “இன்னைக்கு வரைக்கும் தொடல” என்றார். அந்த ‘இன்னைக்கு வரைக்கும்’ எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் ஏற்றுக்கொண்டேன்.

பிறகு, ஒன்றுமே நடக்காதது போல, நூறு கிராம் பொடி கேட்டார். மாத்திரை கொடுக்கிற டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள் என்றேன். இந்தத் தடவை கத்தவில்லை. எக்ஸ்ரேயைப் பத்திரமாகக் கவருக்குள் தள்ளிவிட்டு, படி இறங்கும்போது திரும்பினார்.

“பயந்து போயிட்டேன்னு மட்டும் நெனச்சுக்காத. உன்னாண்ட மருந்து வாங்குறதுக்கோசரம் ஆஸ்பத்திரிக்குப் போனவன் இந்தக் கரையான்சாவடியிலயே நான் ஒருத்தன்தான்க்கா!”

பதினைந்து வருஷம் நான் எடை போட்டுக் கொடுத்த பொட்டலங்களில் எது யாருக்கு என்ன செய்தது என்று எனக்கு உறுதியாகத் தெரியாது, கொடுக்காமல் வைத்துக்கொண்ட அந்த நூறு கிராம் மட்டும் வேலை செய்தது என்று அடித்துச் சொல்வேன்.