மஞ்சுக்கோட்டை மந்திரி சொல்லாமல் விட்டது

என் மகள் படிக்கிற மாயாஜாலக் கதைப் புத்தகங்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒவ்வொன்றும் தலையணை கனம். பறக்கும் பாம்பு, பேசும் வாள், மூன்று கண் சூனியக்காரி எல்லாம் இருக்கட்டும், அதையெல்லாம்கூட நம்பித் தொலைக்கலாம். என்னால் தாங்க முடியாதது கதாநாயகியின் உயிர்த்தோழியைத்தான். முதல் அத்தியாயத்திலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். சொல்லமாட்டாள். எல்லாம் அவள் நன்மைக்குத்தான் என்று மனதுக்குள் உருகுவாள், பக்கம் பக்கமாகப் பெருமூச்சு விடுவாள். அதற்குள் ஒரு நாடே எரிந்து முடிந்திருக்கும். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய் என்று அவளைப் பிடித்து உலுக்கத் தோன்றும். "சொல்லிட்டா அப்புறம் கதையே இருக்காதும்மா" என்கிறாள் மகள். இல்லாமல் போகட்டுமே, நாடாவது மிஞ்சும்.

இந்த எரிச்சல் புத்தகத்தால் வந்ததல்ல. முத்துமாரியால் வந்தது.

இடுக்கி மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே லயத்து, அதாவது ஒரே வரிசை வீடுகளின், பிள்ளைகள். எங்கள் அம்மாக்கள் ஒரே காட்டில் கொழுந்து எடுப்பார்கள், ஒரே தூக்குவாளியில் சாப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்துக்கு மேட்டில் ஏறி இறங்கிப் போக வேண்டும். மஞ்சு இறங்கிவிட்டால் எதிரே வருகிற ஆள் தெரியாது. அந்த மஞ்சுக்குள் ஒரு கோட்டை இருப்பதாக முத்துமாரி கதை விடுவாள். அதற்கு நான் ராணி, அவள் மந்திரி. தினமும் போக ஒரு பாதி, வர ஒரு பாதி. அவள் மாதிரிப் புளுகுகிற ஆளை இன்றுவரை நான் பார்த்ததில்லை. நம்ப வைத்துவிடுவாள், அதுதான் வினை.

அந்த வருஷக் கடைசியில் டீச்சர் எங்கள் வீட்டுக்கே வந்தார். கீழே டவுனில் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடத்தில் எனக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. சோறு, துணி, புத்தகம் எல்லாம் அங்கேயே. பத்தாவது முடிக்கலாம், அதற்கு மேலேயும் போகலாம். எங்கள் லயத்திலிருந்து அதுவரை ஒரு பெண்பிள்ளையும் அப்படிப் போனதில்லை. போகிறோமா இல்லையா என்று ஒரு வாரத்தில் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் இடம் வேறு பிள்ளைக்கு. "மோளே, இது போயா பின்னே கிட்டில்ல கேட்டோ" என்று, விட்டால் பிறகு கிடைக்காது என மலையாளத்தில் சொல்லி, என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

முத்துமாரிக்கு அங்கே இடம் இல்லை. அதனால் மறுநாள் வழியிலேயே அவளிடம் கேட்டேன்.

"ஏட்டி, நான் போயிட்டா நீ என்ன செய்வ?"

"நான் எங்க போகப் போறேன். இங்கனதான் கெடப்பேன்."

"சத்தியமா?"

"ஆமாட்டி."

"அப்ப நானும் போகல."

அவள் காலில் அட்டை ஏறியிருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள். கோடையில் ஏது அட்டை? அதைக்கூட யோசிக்காத மண்டு நான்.

அன்று சாயங்காலம் கதை வேறு பக்கம் திரும்பியது. மஞ்சுக்கோட்டை இடிந்து விழப் போகிறது என்று மந்திரிக்குத் தெரிந்துவிட்டது. ராணிக்குத் தெரியாது. ஆற்றில் கடைசிப் படகு நிற்கிறது. மந்திரி இருக்கும்போது எனக்கு என்ன பயம் என்று ராணி படகைத் திருப்பி அனுப்பிவிடுகிறாள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"மந்திரி ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

"சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது. ராணி செத்துப் போவால்ல?"

"சாவமாட்டா" என்றாள். "தனியா இருப்பா."

இது ஒரு கதையா என்று அவளைத் திட்டினேன். மந்திரியை மாற்றச் சொன்னேன். மாற்ற முடியாது என்று அழுதாள். கதைக்குப் போய் எவளாவது அழுவாளா என்று கோபித்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டேன்.

வீட்டில் நான் போகமாட்டேன் என்று அடம் பிடித்தேன். அப்பா கத்தினார், முதுகில் இரண்டு வைத்தார். கூட விளையாட ஆள் இல்லை என்பதற்காகப் படிப்பை விடுகிற கழுதை உண்டா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அம்மா மட்டும் அடுப்பைப் பார்த்தபடியே, "அவளுக்கு இஷ்டமில்லன்னா விடுங்க" என்றாள். அம்மா என் கட்சி என்று எனக்கு ஒரே குளிர்ச்சி. டீச்சரிடம் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம். டீச்சர் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இடம் போயிற்று.

லீவு முடியுமுன் ஒரு நாள் காலையில் முத்துமாரி வீட்டு வாசலில் ஜீப் நின்றது. மேலே கட்டில், பாத்திர மூட்டை, சுருட்டிய பாய்கள். முத்துமாரி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

"எங்கட்டி போற?" என்றேன்.

அவள் அம்மாதான் பதில் சொன்னாள். "ஊருக்குத்தான் தாயி. இவ அப்பாவுக்கு சர்வீஸ் முடிஞ்சிருச்சுல்ல."

முத்துமாரி ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. அண்ணன்மார் எல்லாரும் திருப்பூரில். அவள் அம்மா தற்காலிக வேலைக்காரி, தற்காலிகத்துக்கு வீடு கிடையாது. எஸ்டேட்டில் வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீட்டையும் விட்டு இறங்க வேண்டியதுதான்.

"எனக்கு முன்னாடியே தெரியும்டி" என்று முத்துமாரி அழுதாள். "யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எங்கம்மா சத்தியம் வாங்கிட்டா."

 ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இந்நேரம் பெட்டி கட்டிக்கொண்டிருப்பேன். இன்று நான் வேலை பார்க்கிற ரிசார்ட்டுக்கு வருகிறவர்களுக்கு அறைச் சாவி எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம், அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தால் என்று நினைக்காத நாள் குறைவு. ஜீப் வளைவில் திரும்பும்வரை அவளைத் திட்டிக்கொண்டே பின்னால் ஓடினேன்.

அவள் ஏன் சொல்லவில்லை என்பது பின்னால் புரிந்தது. வீடு காலியாகப் போகிறது என்று மூச்சு வெளியே வந்தால் போதும், நாலு குடும்பம் ஆபீசுக்கு ஓடும். அதனால் போகிறவர்கள் தங்களுக்கு வேண்டிய ஓர் ஆளிடம் மட்டும் காதோடு காதாகச் சொல்வார்கள். அந்த ஆள் சத்தமில்லாமல் சூப்பர்வைசரைப் பிடித்து வீட்டைத் தன் பேருக்கு முடித்துக்கொள்ளும்வரை பிள்ளைகளின் வாயைக்கூடக் கட்டிப்போடுவார்கள்.

அழுதுகொண்டே வந்து அம்மாவிடம் கேட்டேன்.

"அவ போறது ஒனக்குத் தெரியுமாம்மா?"

"எனக்கும் தெரியாதுட்டி" என்று அம்மா என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

துடைத்துவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அதில் ஒரு சாவி இருந்தது. முத்துமாரி வீட்டுச் சாவி. எங்கள் வீடு ஒற்றை அறை, அதில் ஆறு பேர். அந்த வீட்டில் இரண்டு அறை. இனிமேல் காலை நீட்டிப் படுக்கலாம் என்று, அழுகைக்கு நடுவிலும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு வீட்டுச் சாவி வாங்க ஆபீசுக்கு எத்தனை மாதம் நடக்க வேண்டும் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது.